பந்தயம் முடிந்ததும் இருமல், மரக்கட்டையாய்ப் போன கால்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 20 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன், புல்லிலும் சேற்றிலும் ஓட்டும் சைக்கிளோகிராஸ் பந்தயத்தில் இறங்கியது இந்த சீசனில்தான். 10 வாரத்தில் 9 பந்தயம் ஓட்டிவிட்டேன். முதல் ஐந்தில் வாரா வாரம் முன்னேறினேன், அதற்குப் பிறகு ஒரே சரிவு. கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் 190 வரை ஏறும் இதயத்துடிப்பு இப்போது 178ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. எடை 67 கிலோவிலிருந்து 63க்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஒரு மணி நேரம் விடாத இருமல், நெஞ்சு இறுக்கம். டீம் நண்பன் தன் இன்ஹேலரைக் கொடுத்தான், அடித்தேன், கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. எனக்கு ஆஸ்துமாவா? இல்லை பயிற்சி போதவில்லையா? இன்னும் மூன்று பந்தயம் பாக்கி, கடைசிப் பந்தயத்தை விட மனமில்லை. போன வாரம் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு வலிக்கிறது, அது பெரிய விஷயமில்லை.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, மணிக்கட்டு, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கடிதத்தில் நாளைக்கே பார்த்தாக வேண்டியது அதுதான். மற்றவை சில நாள் பொறுக்கும்.

வலிக்கிற கையின் கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு நரம்பு மாதிரி புடைத்து நிற்கும் (உண்மையில் அவை தசைநாண்கள்), நடுவே ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழிக்குள் மற்ற கையின் விரல் நுனியை வைத்து அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் அதற்கடியில் இருக்கும் படகெலும்பு முறிந்திருக்கலாம். கையை ஊன்றி விழுகிற எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு, ஈரப் புல்லில் முன்சக்கரம் சறுக்கி விழுகிற உங்கள் விளையாட்டில் கேட்கவே வேண்டாம். இதில் ஒரு தொல்லை என்னவென்றால், முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போகலாம். அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், குழியில் வலி இருந்தால் கட்டுப் போட்டு வைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுப்பார்கள், இல்லையென்றால் நேராக எம்ஆர்ஐக்கு அனுப்புவார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து முன்கைப் பக்கம் நோக்கிப் போகிறது, நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் சரியாகக் கிடைக்காது. ‘சுளுக்குதான்’ என்று கட்டுத்துணி சுற்றிக்கொண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, ஹாண்டில்பாரைப் பிடிக்கவே முடியாத நிலையில் வந்த ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டாத எலும்பை அறுவை சிகிச்சையில் சரிசெய்ய வேண்டியிருந்தது. முதல் வாரமே வந்திருந்தால் மாவுக்கட்டோடு போயிருக்கும்.

சரி, இப்போது இருமல்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை: சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்று, புல், சேறு, மணல், நடுவில் 40 சென்டிமீட்டர் உயரம் வரை குறுக்குப் பலகைகள், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டிய மேடுகள். மொத்தம் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். பாதை குறுகல் என்பதால் முதல் வளைவுக்கு யார் முன்னால் போகிறார்களோ அவர்களுக்குத்தான் லாபம், ஆகவே விசில் ஊதிய நொடியிலிருந்தே முழு மூச்சு. பந்தயம் நடப்பதோ இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்.

அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது, கிட்டத்தட்ட எல்லாமே வாய் வழியாக. மூக்கு வழியாகப் போனால் காற்று சூடேறி ஈரமாகிப் போகும், வாய் வழியாகப் போகும் குளிர்ந்த உலர் காற்று மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். சுவர் உலர்ந்தால் அங்கிருக்கும் செல்கள் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் என்று இதைச் சொல்வோம். பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, நிறுத்திய 5 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் தானாகவே அடங்கும். நீங்கள் சொல்வது இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் பொருந்துகிறது என்பதற்காக இதுதான் என்று முடிவு கட்டமாட்டேன், ஏனென்றால் குழாய் சுருங்காமலே, வெறும் உலர்ந்த எரிச்சலால் இருமுகிறவர்களும் நிறைய உண்டு. ஒருமுறை மருத்துவ உதவிக்காக முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்: வந்து சேர்ந்தவர்கள் வரிசையாக ஹாண்டில்பார் மேல் கவிழ்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேருக்கும் ஆஸ்துமா என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் உண்டு. பந்தயத்தின் உச்சத்தில், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்து, தொண்டையில் அடைப்பது போல இருந்து, நிறுத்திய சில நிமிடத்தில் சரியாகிவிட்டால் அது நுரையீரல் விவகாரமே இல்லை, குரல்வளை சுருங்குவது. அதற்கு இன்ஹேலர் எத்தனை தடவை அடித்தாலும் பலனில்லை, மூச்சுப் பயிற்சிதான் மருந்து. உங்கள் நண்பர்கள் யாரையாவது கேளுங்கள், நீங்கள் மேடேறும்போது சத்தம் கேட்கிறதா என்று. நமக்கு நாமே கேட்டுக்கொள்வது கஷ்டம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சும்மா உட்கார்ந்து ஊதும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாம் நன்றாகவே வரும், ‘நுரையீரல் குதிரை மாதிரி இருக்கிறது, போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். அதை நம்பி வந்துவிடாதீர்கள். ஆறு முதல் எட்டு நிமிடம் கடுமையாக ஓடவிட்டு அல்லது மிதிக்கவிட்டு, முன்னும் பின்னும் ஊதவைத்து, முதல் நொடியில் வெளியேற்றும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நண்பனின் இன்ஹேலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடங்கப்போகிற நேரத்தில் அடித்தால் எது அடித்தாலும் தேவலை என்றுதான் தோன்றும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதைவிட, அதற்குள் என்ன மருந்து இருக்கிறது என்று பார்த்தீர்களா? உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தை மூச்சில் இழுக்க அனுமதி உண்டு, அதுவும் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமுக்குள், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மிகாமல். ஆனால் பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும் டெர்பியூட்டலின் இன்ஹேலருக்கு முன்அனுமதி இல்லையென்றால் தடை. உங்கள் பந்தயம் இந்த விதிகளுக்கு உட்பட்டதாக இருந்தால் ஒரு நண்பனின் நல்ல மனசுக்காக நீங்கள் தண்டனை வாங்கிக்கொள்வீர்கள். தவிர, நிவாரண இன்ஹேலரைத் தினமும் அடித்தால் அதன் வேலை மந்தமாகிவிடும். ஆஸ்துமா என்று உறுதியானால் அதை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது, அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர வேண்டும்.

சோதனை முடியும் வரை செய்யக்கூடியது: பந்தயத்துக்கு முன் 15, 20 நிமிட வார்ம்அப், அதற்குள் அரை நிமிட வேக மிதிப்புகள் ஆறேழு. இப்படிச் செய்தால் பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் குழாய் அவ்வளவாக இறுகுவதில்லை. தொடக்கக் கோட்டில் நிற்கும்போதும், முடித்த உடனேயும் வாயையும் மூக்கையும் ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

இப்போது கால்கள். எனக்கு இருமலைவிட இதுதான் கவலை.

இதயத்துடிப்பு குறைந்தால் உடல் தேறியிருக்கிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அதே வேகம், குறைந்த துடிப்பு, சிரமமும் குறைவு என்றால் தேறியிருக்கிறது, சரி. வேகமும் குறைந்து, துடிப்பும் ஏறாமல், சிரமம் மட்டும் இரண்டு மடங்கானால் அது களைத்துப்போன உடம்பு. பயிற்சி போதவில்லையா என்று கேட்டீர்கள். தம்பி, ‘ஒரு மணி நேரப் பந்தயம்தானே’ என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ரோடு பந்தயத்தில் கூட்டத்துக்குள் ஒளிந்து மூச்சு வாங்கலாம், இங்கே அந்த வசதி கிடையாது. 10 வாரத்தில் 9 தடவை உடம்பின் கடைசிச் சொட்டு வரை பிழிந்திருக்கிறீர்கள், நடுவில் வார நாட்களில் பயிற்சி, வகுப்பு, பரீட்சைக்கு இரவு விழிப்பு. சரிவு தொடங்கியதும் இன்னும் கூடுதலாகப் பயிற்சி செய்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

நாலு கிலோ என்பது உங்கள் எடையில் 6 சதவீதம். மேட்டில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இளைத்தால் நல்லது என்று வேண்டுமென்றே குறைத்தீர்களா, அல்லது பசியில்லாமல் தானாகப் போனதா? இரண்டாவது என்றால் முதலில் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். இந்த வயதில் எடை குறைந்து, சோர்ந்து, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அது முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். அப்படி தாகம் இருந்தால் காத்திருக்காமல் இன்றைக்கே போங்கள்.

முதலாவது என்றால், அல்லது செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிட நேரமில்லாமல் போயிருந்தால், உடம்பு வரவுக்கு மேல் செலவு செய்துகொண்டிருக்கிறது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கென்று ஒரு பெயரே வைத்தது, விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை என்று. பெண்களுக்கு மாதவிடாய் நின்று காட்டிக்கொடுக்கும், ஆண்களுக்கு அப்படி ஒரு மணி அடிப்பதில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன்: விடியற்காலையில் வரும் விறைப்பு குறைந்திருக்கிறதா, ஆசையே இல்லாமல் இருக்கிறதா? வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கியிருப்பதன் அறிகுறி அது. அது இறங்கினால் எலும்பும் மெலியும். சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலையே கிடையாது, ரோடு சைக்கிள்காரர்களில் பலருக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். அதற்கு மேல் பட்டினி, அதற்கு மேல் வாராவாரம் விழுகிற விளையாட்டு. மணிக்கட்டில் ஏன் ஆரம்பித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள்: ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அதோடு அழற்சியைக் காட்டும் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்), சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி, டெஸ்டோஸ்டிரோன். முடிவு வரும் முன் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், தேவையில்லாதவர்களுக்குச் சேர்ந்துபோனால் அதுவே கெடுதல்.

கல்லூரி வயது என்பதால் இன்னொரு கேள்வி. இந்த வாரங்களில் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல் இருந்ததா? இவற்றை உண்டாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சில் வழியாகப் பரவுவது, ஒரே தண்ணீர் பாட்டிலை டீமே குடிக்கும் உங்களுக்கு வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அதில் மண்ணீரல் வீங்கும், முதல் மூன்று நான்கு வாரத்தில் அடிபட்டால் கிழியக்கூடும். ஹாண்டில்பாரின் முனை இடது விலாவுக்குக் கீழே குத்துவதற்கு ஒரு சறுக்கல் போதும். ஆகவே ரத்தத்தில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீரும் வரை சைக்கிள் வேண்டாம்.

இதெல்லாம் சுத்தம் என்று வந்தால் என் யோசனை இது. அடுத்த பந்தயத்தை விடுங்கள், பேச்சே வேண்டாம். நான்கு நாள் சைக்கிளைத் தொடாதீர்கள். பிறகு ஒரு வாரம், பக்கத்தில் வருகிறவரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம் மட்டும். எட்டு மணி நேரத் தூக்கம். சாப்பாட்டில் மாவுச்சத்து, கடுமையான நாட்களில் கிலோவுக்கு 6 முதல் 8 கிராம், உங்களுக்கு 400 முதல் 500 கிராம் வரை வருகிறது, இது நீங்கள் நினைப்பதைவிட அதிகம், ஒருநாள் எடைபோட்டுப் பாருங்கள், அசந்துபோவீர்கள். பந்தயம் முடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் 60, 70 கிராம் மாவுச்சத்தும் 20 கிராம் புரதமும் உள்ளே போயிருக்க வேண்டும், சைக்கிளைக் கழுவுவது அப்புறம்.

சைக்கிள் கழுவுவது என்றதும் ஞாபகம் வருகிறது, சேறு தெறித்த பாட்டிலின் வாயைக் கழுவாமல் குடிக்காதீர்கள். 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2008இல் வேல்ஸிலும் மவுண்டன் பைக் பந்தயம் ஓட்டியவர்கள் கூட்டமாக வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள், வாய்க்குள் போன சேற்றில் இருந்த கேம்பைலோபாக்டர் கிருமிதான் காரணம். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால், அடுத்த சேற்றுக் காயத்துக்கு மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, உங்களுக்குப் பழக்கமான ஒரு மேட்டில் ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஏறுங்கள். துடிப்பு பழையபடி மேலே போய், காலும் ஒத்துழைத்தால் கடைசிப் பந்தயத்துக்குப் போங்கள், நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள். 178லேயே நின்றால் இது வார ஓய்வில் சரியாகிற களைப்பு இல்லை, மாதக்கணக்கில் ஆகலாம், இந்த சீசனை இத்தோடு மூடுங்கள். காய்ச்சலோ உடம்பு வலியோ இருக்கும் நாளில் எந்தப் பந்தயமும் வேண்டாம், இதயத் தசையில் அழற்சி வருவது அப்படித்தான்.

படகெலும்பு முறிந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை, கட்டோடு ஓரமாக நின்று நண்பர்களுக்குக் கைதட்டலாம், அதுவும் ஒரு கையால் முடியாது, மணி அடியுங்கள். முடிவுகள் வந்ததும் ஃபெரிட்டின் அளவையும் ஊதும் சோதனையின் முன்பின் எண்களையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.