ஆம்புலன்ஸ் பழைய வீட்டுக்குப் போய்விட்டது: ஃபோன் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். செலவைக் குறைக்க லேண்ட்லைனை எடுத்துவிட்டு, ரௌட்டரில் செருகும் இன்டர்நெட் ஃபோன் அடாப்டர் வாங்கினோம். அபார்ட்மென்டிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்தபோது அதையும் கொண்டுவந்து மாட்டினோம். திருச்சியிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி. தனியாக இருந்தவர் அவசர உதவி எண் 911-ஐ அழுத்தினார், பேச முடியவில்லை. ஆம்புலன்ஸ் பழைய அபார்ட்மென்டுக்குப் போய்விட்டது. 20 நிமிடம் வீண். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து, ஊருக்கும் திரும்பிவிட்டார். கம்பெனியோ போனில் மணிக்கணக்கில் காக்க வைத்து, கடைசியில் 400 டாலர் தருகிறேன் என்கிறது. கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: அப்பா பிழைத்ததில் மகிழ்ச்சி. காக்க வைத்தது, மரியாதையில்லாமல் பேசியது, எதுவும் வழக்கில் நிற்காது. அவற்றை விட்டுவிடுங்கள். நிற்பது ஒரே ஒரு விஷயம்: வீடு மாறிய பிறகு உங்கள் அக்கவுன்டில் இருந்த 911 முகவரி, அதாவது 911 அழைத்தால் ஆம்புலன்ஸை அனுப்பப் பதிவான முகவரி, எது? மூன்று பக்கக் கடிதத்தில் அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2005-ல் எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) போட்ட விதிப்படி கம்பெனி உங்கள் முகவரியை வாங்கித்தான் சர்வீஸ் தர வேண்டும், இந்த ஃபோனில் 911-க்கு உள்ள குறைகளைச் சொல்லி உங்கள் சம்மதத்தைப் பதிவுசெய்ய வேண்டும், முகவரியை மாற்ற வழியும் தர வேண்டும். முதல் நாள் படிக்காமல் டிக் அடித்தீர்களே, அந்தச் சம்மதம்தான் அது. 2022 ஜனவரியிலிருந்து, தொழில்நுட்பத்தில் முடியுமென்றால், அழைப்பவர் இருக்கும் இடத்தைத் தானாகவே 911-க்கு அனுப்பவும் வேண்டும். உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான். ஆனால் ‘இந்தப் பெட்டியில் அது முடியாது’ என்பார்கள். முடியும் என்று காட்ட நிபுணர் வேண்டும், நிபுணருக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். 2008-ல் வந்த ஃபெடரல் சட்டம், 911 விஷயத்தில் லேண்ட்லைன் கம்பெனிக்கு உள்ள பாதுகாப்பை இவர்களுக்கும் கொடுத்துவிட்டது. சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி ஜெயிக்க முடியாது. அப்பா குணமாகிவிட்டதால், அந்த 20 நிமிடத்தால் இதயத்துக்கு இவ்வளவு கெடுதல் என்று டாக்டர் எழுதித் தருவதும் கடினம்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. இதே மாதிரி வந்த ஒருவர், சம்பவம் நடந்த அன்று இரவே அக்கவுன்டில் முகவரியை மாற்றிவிட்டு, ‘முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி லாக்கை, அதாவது அக்கவுன்டில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவை, நீட்டியது. தேதி, மணி, நிமிடம் எல்லாம் அதில் இருந்தது. அதன்பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பவில்லை. நீங்கள் முதலில் இப்போதிருக்கும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் இன்றைக்கே முகவரியை மாற்றுங்கள். வழக்குக்காக அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது அந்த 400 டாலர். அதோடு வரும் ரிலீஸ் கடிதத்தை (இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதித் தருவது) முழுவதும் படியுங்கள். பாதிக்கப்பட்டவர் அப்பா, நீங்கள் இல்லை. கேட்கும் உரிமை அவருடையது, நீங்கள் போடும் கையெழுத்து அவரைக் கட்டாது. கம்பெனிக்கும் இது தெரியும். அதனால் ‘குடும்பத்தில் வேறு யாராவது வழக்குப் போட்டால் அந்தச் செலவை நான் ஏற்கிறேன்’ என்று ஒரு வரியை நடுவில் வைத்திருப்பார்கள். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால், நாளை அப்பா கேட்கும் பணத்தை நீங்களே கட்ட வேண்டி வரும். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அப்பாவே கையெழுத்துப் போடட்டும்.

என் யோசனை, சமாதானமாகப் போங்கள். ஆம்புலன்ஸ் பில், விசிட்டர் இன்ஷூரன்ஸ் தராமல் விட்ட தொகை இரண்டையும் கூட்டி, பில் நகலோடு அதைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்ப்பது) இருந்தாலும், சின்னத் தொகைகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் பெரும்பாலும் வழி விட்டிருப்பார்கள். நியூஜெர்சியில் அதன் வரம்பு 5,000 டாலர். அங்கே போவேன் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால் 400 கொஞ்சம் நகரும். உடல் பாதிப்புக்கு வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். பேச்சுவார்த்தை நடப்பதால் அது நிற்காது.

இது சின்ன விஷயமில்லை. 2008-ல் கனடாவின் கால்கரியில் ஒன்றரை வயதுக் குழந்தைக்காக இதே மாதிரி இன்டர்நெட் ஃபோனில் 911 அழைத்தபோது, ஆம்புலன்ஸ் போனது ஒன்டாரியோ மிசிசாகாவில் இருந்த அவர்களின் பழைய முகவரிக்கு. குழந்தை பிழைக்கவில்லை. பல கம்பெனிகளில் 933 அழுத்தினால் பதிவான முகவரியைப் படித்துக் காட்டும், மாற்றிய பிறகு கேட்டுப் பாருங்கள். கரன்ட் போனாலும் இன்டர்நெட் போனாலும் இந்தப் பெட்டி ஊமைதான். அப்பா மறுபடி வரும்போது கையில் சார்ஜ் போட்ட செல்போன் ஒன்று இருக்கட்டும், வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.