முடியை விடுங்கள், உறுமலைக் கவனியுங்கள்

“சாப்பிடும்போது யார் பக்கத்தில் போனாலும் உறுமுவான், மற்றபடி ரொம்பச் சாது” என்று புகுந்த வீட்டு நாய் மணியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, நாய் முடியால் பிள்ளைக்குக் கெடுதல் வருமா என்று இரண்டு பக்கத்துக்குக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் மாதம் முடிந்து பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான்.

ஓரிரு முடி வாய்க்குள் போனால் மலத்தோடு வந்துவிடும், குடலை அடைக்காது. நாய் இருந்தால் ஆஸ்துமா வரும் என்கிறார் உங்கள் மாமியார். ஸ்வீடனில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வயதில் நாயோடு வளர்ந்தவர்களுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகவே இருந்தது. அதற்காக நாயை மருந்தாக வளர்க்கச் சொல்லவில்லை. புழுத் தொற்று நாயின் மலத்தால் வருவது. மணிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுங்கள், நீங்கள் கையைக் கழுவுங்கள், போதும்.

“முன்னெச்சரிக்கையாக” வாங்கி வைத்திருக்கும் சளி சிரப்பைத் தூர எறியுங்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. சளியே பிடிக்காத பிள்ளைக்கு யாரோ வீடியோவில் சொன்னார் என்று மருந்தா?

இனி அந்த உறுமல். தட்டின்மேல் தலையைத் தாழ்த்தி, உடல் விறைத்து, விழியோரம் வெள்ளை தெரியப் பார்த்தால், அடுத்தது பல்தான். உறுமும்போது அதட்டாதீர்கள், அதட்டி அடக்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். நீங்கள் வாசற்படி ஏறும் நாளை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அன்று பிள்ளை பெரியவர்கள் கையில்தான் இருக்கும். ஏழெட்டு மாதத்தில் தவழ்ந்து நேராகச் சோற்றுத் தட்டுக்குப் போகுமே, அப்போது அதன் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கும். ஆகவே இன்றிலிருந்தே மணிக்குச் சாப்பாடு தனி அறையில், கதவைச் சாத்தித்தான். கால்நடை மருத்துவரிடம் இந்தப் பழக்கத்தைச் சொல்லி வழி கேளுங்கள். பிள்ளையையும் நாயையும் ஓர் அறையில் தனியே விடாதீர்கள், நீங்கள் குளித்துவிட்டு வரும் ஐந்து நிமிடத்துக்குக்கூட.

கொரோனா காலத்துக்குப் பிறகு மணிக்கு ஊசியே போடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை இந்த வாரமே போடுங்கள். குழந்தைமேல் பல்லோ நகமோ பட்டால், வீட்டு நாய்தானே என்று பார்க்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கைக்குழந்தைக்கும் தடுப்பூசி போடலாம். ரத்தம் கசிந்திருந்தால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் ஊசியும் போட வேண்டும். முகத்திலோ தலையிலோ என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அறிமுகம் பெரிய சடங்கல்ல. பிள்ளைக்குச் சுற்றிய துணி ஒன்றை முன்கூட்டியே கணவரிடம் கொடுத்தனுப்பி, மணி மோந்து பார்க்கட்டும். போகும் நாளில் பிள்ளையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு முதலில் நீங்கள் மட்டும் மணியைப் பாருங்கள். துள்ளல் அடங்கியபின், கணவர் சங்கிலியைப் பிடித்திருக்க, நாலடி தள்ளி நின்று காட்டினால் போதும். முகத்தை நக்க விட வேண்டாம்.

மணியைக் கிராமத்தில் விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இப்போதே பதில் சொல்ல முடியாது. இதற்குமுன் யாரையாவது பல் பதியக் கடித்திருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. கணவரிடம் கேளுங்கள். கடித்திருந்தால், கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அம்மா வீட்டிலேயே இருங்கள்.