லாபம், ரெண்டு, மூணு

கேள்வி: புராஜெக்டுக்காக இரண்டு எஃப்பிஜிஏ (நாமே சர்க்யூட்டை அமைத்துக்கொள்ளும் சிப்) போர்டுகளை 2.5 கிகாபிட் டிரான்ஸ்சீவர் (அனுப்பவும் வாங்கவும் செய்யும்) சிப் வழியாக இணைத்திருக்கிறோம். டேட்டாவை 16 பிட் வேர்டுகளாக நிறுத்தாமல் அனுப்புகிறோம். சுமார் 10,000 வேர்டுக்கு ஒரு வேர்டு காணாமல் போகிறது. கேபிளை மாற்றியும் அப்படியேதான். எங்கே தப்பு?
– இறுதியாண்டு மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கேபிளை விட்டுவிடுங்கள் அம்மா. கேபிள் கோளாறென்றால் வேர்டு கெட்டு வரும். இப்படிக் கணக்கு வைத்துக் காணாமல் போகாது. "நிறுத்தாமல் அனுப்புகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, தப்பு அங்கேதான்.

இரண்டு போர்டிலும் கிளாக் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் தனித்தனி. ஒரு துடிப்புக்கு ஒரு வேர்டு. இரண்டின் மேலும் 125 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் இருக்கும். ஆனால் பத்து லட்சத்துக்கு 50 கூடவோ குறையவோ ஓடினாலும் அது நல்ல கிரிஸ்டல்தான். அனுப்பும் பக்கம் கூடி, வாங்கும் பக்கம் குறைந்தால் வித்தியாசம் 100, அதாவது 10,000-க்கு ஒன்று. 80 மைக்ரோ செகண்டுக்கு ஒரு வேர்டு வழிந்துவிடும். ஃபைஃபோவை (வந்த வேர்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதற்காக இரண்டு இரவு கேபிளை மாற்றி மாற்றிப் போட்டவன். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் களத்தில் தாத்தா நெல் அளப்பார். மரக்காலின் வாயை உள்ளங்கையால் வழித்துவிட்டு, முதல் அளவைக்கு "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. நடுவில் வந்து நிற்பவருக்கும் "லாபம்" காதில் விழுந்தால் போதும், புதுக் கணக்கு தொடங்கிவிட்டது என்று புரியும். எண்ணோடு குழம்பாத சொல் அது.

உங்கள் சிப்பில் அந்தச் சொல்தான் கே28.5 என்ற கட்டுப்பாட்டு எழுத்து. கே என்று தொடங்கினால் கட்டுப்பாடு, டி என்றால் டேட்டா. 1983-இல் ஐபிஎம்மின் விட்மரும் ஃப்ரானஸெக்கும் வெளியிட்ட 8பி/10பி முறை 8 பிட்டை 10 பிட்டாக்குகிறது. ஒரே பிட் ஐந்து முறைக்கு மேல் தொடர்ந்து வராது. அந்த மாற்றங்களிலிருந்துதான் எதிர்ப்பக்கம் கிளாக்கை மீட்கிறது. கே28.5 கம்பியில் 0011111010 என்றோ, 0-வும் 1-ம் மாறி 1100000101 என்றோ போகும். முதல் ஏழு பிட்டின் கோலம் டேட்டாவில் எங்கேயும் வராது, இரண்டு 10 பிட் எழுத்து சேரும் இடத்தில்கூட. அதை வைத்துத்தான் 10 பிட்டின் எல்லையைச் சிப் பிடிக்கிறது.

ஆகவே பாக்கெட்டை இப்படிக் கட்டுங்கள்: முதலில் சில ஐடில் வேர்டு (டேட்டா இல்லாத வெற்று வேர்டு, கே28.5-உடன் டி16.2), தொடக்கத்துக்கு கே27.7, பிறகு நீளம், டேட்டா, 32 பிட் சிஆர்சி (பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்), முடிவுக்கு கே29.7. பாக்கெட் 2,000 வேர்டைத் தாண்ட வேண்டாம். பாக்கெட்டுக்குப் பாக்கெட் நாலு ஐடிலாவது விடுங்கள். ஃபைஃபோ நிரம்பும்போது ஒரு ஐடிலைத் தூக்கிப் போடுங்கள், காலியாகும்போது ஒன்று சேர்த்துவிடுங்கள். டேட்டாவில் கை வைக்க வேண்டியதே இல்லை. சிஆர்சி கணக்கில் ஐடிலைச் சேர்த்துவிடாதீர்கள். ஒன்றைத் தூக்கியதுமே நல்ல பாக்கெட்டும் தப்பென்று வரும்.

கேள்வி: 10 கிகாபிட் ஈதர்நெட்டின் பல வகைகளில் 8பி/10பி ஏன் இல்லை?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அதில் 10 கிகாபிட்டுக்குக் கம்பியில் 12.5 ஓட வேண்டும். 64 பிட்டுக்கு முன்னால் இரண்டே பிட், 01 அல்லது 10, வைக்கும் 64பி/66பி முறையில் 10.3125 போதும். பிட் மாற்றங்களுக்கு, பிட்டுகளைக் கலைத்துப்போடும் ஸ்கிராம்ப்ளர் பொறுப்பு.