மேட்டில் வாடகைக்கு வீடு: மும்பை வாசகர் கேள்வி-பதில்

மழைக்கு முன்னால் வீடு மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மலபார் ஹில், பாலி ஹில், பவாய் மேடு பற்றித்தான். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கே: எனக்கு ஆபீஸ் பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்). கார் கிடையாது. மலபார் ஹில்லில் தெரிந்தவர் வீடு சலுகை வாடகைக்கு வருகிறது. ஆட்டோவில் சமாளித்துவிடலாமா? (செம்பூர் வாசகர்)

ப: ஆட்டோ பாந்த்ராவோடும் சயானோடும் நின்றுவிடும். அதற்குத் தெற்கே டாக்சிதான். மேட்டுக்கு பெஸ்ட் எனும் நகரப் பஸ் உண்டு, ஆனால் அதை நம்பி ஒன்பது மணி மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். மெட்ரோ 3 கஃப் பரேடு வரை 2025 அக்டோபரில் திறந்துவிட்டதால், கிராண்ட் ரோடில் ஏறினால் பி.கே.சி.யில் போய் இறங்கலாம். ஸ்டேஷன் கீழே, வீடு மேலே என்பதுதான் சிக்கல். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு, கையில் காய்கறிப் பையோடு, வீடு வரை நடந்து ஏறிப் பாருங்கள். மேட்டு வீடு கேட்கிற எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறேன். யாரும் செய்வதில்லை.

கே: விளம்பரத்தில் 'பார்க்கிங் உண்டு' என்று இருந்தது. குடிவந்த அன்றே வாட்ச்மேன் காரை உள்ளே விடவில்லை. ஓனர் போனை எடுப்பதில்லை. (பாலி ஹில்)

ப: அக்ரிமெண்டில் பார்க்கிங் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பார்க்கிங் ஒதுக்குவது சொசைட்டி, அதாவது கட்டடத்து வீட்டுக்காரர்களின் சங்கம். ஓனருக்கே இடம் ஒதுக்கியிருக்காவிட்டால் அவர் உங்களுக்கு எதைத் தருவார்? ஸ்டில்ட் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள இடம்), திறந்தவெளி இடங்களைப் பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் 'நான் காசு கொடுத்து வாங்கிய இடம்' என்று ஓனர் சொன்னாலும் சொசைட்டியின் ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் கேளுங்கள். இட எண் அக்ரிமெண்டில் ஏற வேண்டும். வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போகும், எழுத்தில் வாங்குங்கள். ஒன்றரைக் கார் அகலமுள்ள மேட்டுச் சந்தில் தெருவோரம் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

கே: பதினோரு மாதம்தானே, 500 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி போட்டால் போதும் என்கிறார் புரோக்கர். ரிஜிஸ்டர் செய்தால் வீண் செலவாம். உண்மையா? (பவாய், முலுண்ட், மாட்டுங்கா என்று பலர்)

ப: இந்தப் பதினோரு மாதக் கதைக்குச் சாவே கிடையாது போல. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம். அதிலிருந்து நழுவுவதற்காகப் பிறந்ததுதான் பதினோரு மாதம். மகாராஷ்டிரத்தில் அந்த ஓட்டையை அடைத்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, பிரிவு 55: லீவ் அண்ட் லைசென்ஸ் (இங்கே வீடு வாடகைக்கு விட வழக்கமாகப் போடும் ஒப்பந்தம்) எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். பதினோரு மாதமா, மூன்று மாதமா என்ற பேச்சே இல்லை.

பதிய வேண்டிய பொறுப்பு ஓனருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட ஓனருக்கு உறைக்க வேண்டியது இன்னொன்று. பதியாத நிலையில் தகராறு வந்தால், என்ன நிபந்தனையில் குடிவந்தேன் என்று குடியிருப்பவர் சொல்வதையே சரியென்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது ஓனர் பாடு. பதிந்திருந்தால் அவருக்கும் லாபம்தான். கெடு முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரண்டு மடங்கு கட்டணம் கேட்கப் பிரிவு 24 வழி செய்கிறது.

அப்புறம் அந்த 'வீண் செலவு'. மாதம் 60,000 வாடகை, மூன்று லட்சம் டெபாசிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு வருடம் பத்து சதவீத வட்டியைக் கூட்டி, அதில் 0.25 சதவீதம் ஸ்டாம்ப் டூட்டி. சுமார் 1,700 ரூபாய். பதிவுக் கட்டணம் 1,000. ஏஜென்ட் கைரேகை மெஷினோடு வீட்டுக்கே வருவார். அவருக்குத் தனியாகக் கொஞ்சம். ஒரு மாத வாடகையைக் கூசாமல் கமிஷனாக வாங்கும் புரோக்கருக்கு இந்த மூவாயிரத்தில்தான் உங்கள் மேல் கரிசனம் பொங்குகிறது! மூன்று லட்சத்தை ஒருவரிடம் தூக்கிக் கொடுக்கிறீர்கள். கொடுத்ததற்குச் சாட்சி ஒரு நோட்டரி முத்திரை மட்டும் போதுமா? டெபாசிட்டைப் பாங்க் வழியாகவே கொடுங்கள், தொகை அக்ரிமெண்டில் வரட்டும். எழுத்தில் வாங்குங்கள்.

கே: வாடகைக்கு விட்ட வீடு என்று சொசைட்டி மாதம் 5,000 கூடுதலாகக் கேட்கிறது.

ப: சர்வீஸ் சார்ஜில் (வாட்ச்மேன் சம்பளம், பொது விளக்கு போன்ற செலவுக்கான பகுதி) பத்து சதவீதத்துக்கு மேல் அவர்கள் கேட்கக் கூடாது. மெயின்டனன்ஸ் மொத்தத்தில் அல்ல, சர்வீஸ் சார்ஜில். அதையும் கட்ட வேண்டியவர் ஓனர்.

கே: ஓனர் துபாயில் இருக்கிறார். வாடகை 45,000. ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்பதால் டி.டி.எஸ். (வாடகையிலிருந்து வரி பிடித்துக் கட்டுவது) வேண்டாம்தானே?

ப: வேண்டும். அந்த ஐம்பதாயிரம் வரம்பு இங்கே இருக்கும் ஓனருக்கு; அதைத் தாண்டினால் இரண்டு சதவீதம். என்.ஆர்.ஐ. ஓனருக்கு வரம்பே இல்லை, சுமார் 31 சதவீதம் பிடிக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

கே: மலைச்சரிவை ஒட்டிய கீழ்த்தள வீடு. பின்பக்கம் முழுக்க மரம். வாடகை மற்ற தளங்களைவிட எட்டாயிரம் குறைவு. எடுக்கலாமா? (மலபார் ஹில்)

ப: எட்டாயிரம் ஏன் குறைவு என்று ஓனருக்குத் தெரியும். உங்களுக்கு ஜூலையில் தெரியும். 2020 ஆகஸ்ட் மழையில் கெம்ப்ஸ் கார்னர் அருகே தடுப்புச் சுவர் சரிந்து, மேலே பி.ஜி. கேர் மார்க்கில் சாலையே விரிசல் கண்டது.

வீட்டுக்குள் போகும் முன் பின்பக்கம் போய்த் தடுப்புச் சுவரைப் பாருங்கள். நீர் வடிய வரிசையாகக் குழாய்த் துளைகள் இருக்கும். மழைக்குப் பிறகு தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது. சிமெண்ட் பூசி அடைத்திருந்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி அதைத் தள்ளும். அந்த வீடு வேண்டாம். உள்ளே, சரிவுப் பக்கத்து அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் கேள்வி கேளுங்கள்.

கே: மரக்கிளை கார் மேல் தொங்குகிறது. ஆளை வைத்து வெட்டிவிடலாமா?

ப: கூடாது. மகாராஷ்டிரத்தில் 1975-லிருந்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொசைட்டி வழியாக மாநகராட்சியிடம் அனுமதி வாங்குங்கள், மழைக்கு முன்பே. அதுவரை காரை நகர்த்தி நிறுத்துங்கள்.

கே: அமைதியான, மரம் நிறைந்த மேட்டுப் பகுதியில் நல்ல வீடாகச் சொல்லுங்கள். பட்ஜெட் ரீசனபிள்.

ப: எத்தனை பேர், ஆபீஸ் எங்கே, கார் உண்டா, ரீசனபிள் என்றால் எத்தனை ஆயிரம்? இதெல்லாம் எழுதி அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம்.

கே: முலுண்டில் தேசியப் பூங்காவை ஒட்டிய கட்டடம். சிறுத்தை வருமா?

ப: வரலாம். அது தெருநாயைத் தேடி வரும், தெருநாய் குப்பையைத் தேடி வரும். சொசைட்டியில் குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, பின் சுவரோரம் விளக்கு எரிகிறதா என்று இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். இரவில் குழந்தைகளைத் தனியே கீழே அனுப்பாதீர்கள், நாய் வளர்த்தால் கட்டாமல் விடாதீர்கள். மற்றபடி பயந்து விலக வேண்டிய வீடு அல்ல. பார்க்கிங் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில்.