புரோஸ்ட் ஜெயித்தது அதிர்ஷ்டத்தாலா?

கேள்வி: எனக்கு வயது 22. வார இறுதிகளில் வாடகை கார்ட் (சிறிய பந்தய வண்டி) ஓட்டுகிறேன். பழைய ஃபார்முலா ஒன் பந்தயங்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். அலென் புரோஸ்ட்தான் எனக்குப் பிடித்தவர். நண்பர்களோ, "அவர் புள்ளி பொறுக்குகிறவர், 1986 பட்டம் மான்செலின் டயர் வெடித்ததால் வந்தது" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? அவரைப் போல ஓட்டிப் பழக என்ன செய்ய வேண்டும்? இவ்வளவு தெரிந்தவர் சொந்த அணி நடத்தி ஏன் தோற்றார்?

பதில்: முதலில் 1988-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு 16 பந்தயங்கள். மெக்லாரன்-ஹோண்டாவில் புரோஸ்டுக்கு 7 முதலிடம், 7 இரண்டாமிடம். முடிக்காமல் விட்டவை இரண்டே இரண்டு. அன்றைக்கு வெற்றிக்கு 9 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6. கூட்டினால் 105. அதே அணியில் ஓட்டிய அயர்டன் சென்னா எடுத்தது 94. பட்டம் போனது சென்னாவுக்கு! சிறந்த 11 முடிவுகளை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது அப்போதைய விதி. புரோஸ்டின் மூன்று இரண்டாமிடங்கள், அதாவது 18 புள்ளிகள், கழிந்து 87 ஆயின. 8 பந்தயம் வென்ற சென்னாவுக்கு 90 நின்றது. புள்ளி பொறுக்குகிறவருக்கு வாகான விதியா இது? அவரைக் கவிழ்த்ததே இந்த விதிதான்.

1984-ம் அப்படித்தான். புரோஸ்ட் 7 பந்தயம் வென்றார், நிக்கி லௌடா 5. ஆனாலும் லௌடா 72, புரோஸ்ட் 71.5. அந்த அரைப் புள்ளி மொனாக்கோவில் தொலைந்தது. கொட்டும் மழையில் பந்தயம் 31 சுற்றோடு நிறுத்தப்பட்டதால் வென்றவருக்குப் பாதிப் புள்ளி, 4.5 மட்டும். டோல்மன் காரில் சென்னா நெருங்கி வந்துகொண்டிருந்தார், நிறுத்தச் சொல்லிக் கைகாட்டியவரும் புரோஸ்ட்தான், ஆகவே தப்பித்தார் என்று இன்றும் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தயம் முழுதாக ஓடி, சென்னாவிடம் தோற்று இரண்டாவதாக வந்திருந்தாலும் 6 புள்ளி. மொத்தம் 73 ஆகிப் பட்டம் அவருடையது.

இனி உங்கள் நண்பர்கள் சொல்லும் 1986. ஆண்டின் கடைசிப் பந்தயம், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். போகும்போது வில்லியம்ஸ் அணியின் மான்செலுக்கு 70, புரோஸ்டுக்கு 64, மான்செலின் அணித்தோழர் பிக்கேவுக்கு 63. மான்செல் மூன்றாவதாக வந்தாலே போதும். 82 சுற்றையும் டயர் மாற்றாமல் ஓட்டிவிடலாம் என்பதுதான் எல்லோருடைய திட்டமும். பாதி வழிக்கு முன்பே பெர்கரின் காரோடு உரசியதில் புரோஸ்டின் டயர் பஞ்சராகி, டயர் மாற்ற அவர் பிட்டுக்குள் (பாதையோரப் பழுதுபார்க்கும் இடம்) வர வேண்டியதாயிற்று. கழற்றிய டயர்களைச் சோதித்த குட்இயர் டயர் நிறுவன ஆட்கள், மற்றவர்களின் டயர்கள் கடைசிவரை தாங்கும் என்று முடிவு செய்தார்கள். அது தப்பாகப் போனது. முன்னணியில் இருந்த, புரோஸ்டின் அணித்தோழர் ரோஸ்பெர்கின் டயர் முதலில் பிய்ந்தது. அடுத்த சுற்றிலேயே, மணிக்கு சுமார் 290 கி.மீ. வேகத்தில் மான்செலின் இடது பின் டயர் வெடித்தது. வில்லியம்ஸ் அணி பயந்து பிக்கேவை உள்ளே அழைத்தது. புரோஸ்ட் வென்றார், சிறந்த 11 விதியில் ஒரு புள்ளி கழிந்து அவர் 72, மான்செல் 70.

அதிர்ஷ்டம் இல்லை என்று வாதாடாதீர்கள், இருந்தது. ஆனால் அந்த பஞ்சரில் இழந்த நேரத்தை அவர்தான் ஓட்டி மீட்டார். வில்லியம்ஸின் ஹோண்டா இன்ஜினுக்கு ஈடுகொடுக்க முடியாத டேக்-போர்ஷே இன்ஜினை வைத்துக்கொண்டு கடைசிப் பந்தயம் வரை பட்டப் போட்டியில் நின்றதும் அவர் கைவேலைதான். அதே ஆண்டு ஹாக்கன்ஹைமில் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்து, இறங்கிக் காரைத் தள்ளினார். அந்த அதிர்ஷ்டக் குறைவையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் என்றதும், புரோஸ்ட் ஏன் மெதுவாக ஓட்டுவதுபோலத் தெரிந்தார் என்பதற்கு வருகிறோம். பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்ப 1984-ல் தடை வந்தது. தொட்டியின் அளவு அந்த ஆண்டு 220 லிட்டர், 1986-ல் 195, 1988-ல் டர்போ கார்களுக்கு 150. டர்போவின் பூஸ்ட்டை, அதாவது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, ஏற்றினால் வேகம் வரும், பெட்ரோல் கரையும். ஆகவே எந்தச் சுற்றில் செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதுதான் பந்தயமே. தொடக்கத்தில் முழுத் தொட்டியோடு கார் கனமாக இருக்கும். அப்போது டயரை வதைத்தால் கடைசி 20 சுற்றில் பிடிமானம் இருக்காது. பலர், தொடங்கும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றுக்காகக் காரைத் தயார் செய்தபோது, புரோஸ்ட் முழுத் தொட்டிக்கும் தேய்ந்த டயருக்கும் ஏற்றபடி அமைத்தார்.

இதை அப்பட்டமாகக் காட்டுவது 1990 மெக்சிகோ. ஃபெராரியில் தகுதிச் சுற்றில் 13-ஆம் இடம். அதைப் பற்றிக் கவலைப்படாமல் பந்தய அமைப்பிலேயே உழைத்தார். மறுநாள் ஒவ்வொருவராகத் தாண்டி வென்றார். நீங்கள் ஒரே ஒரு பந்தயம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். பார்க்கும்போது முன்னால் போகிறவரை விட்டுவிட்டு, சிவப்புக் கார் எண் 1-ஐ மட்டும் தொடருங்கள்.

அவருடைய கார் கேமரா காட்சிகளில் கையைக் கவனியுங்கள். ஸ்டியரிங்கில் திருத்தல் குறைவு. பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாக, மென்மையாகப் பிடிப்பார். வளைவுக்குள் நுழையும்போது கார் அமர்ந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாக மிதிப்பார். பின் சக்கரம் வழுக்காது, டயர் அளவுக்கு மேல் சூடாகாது.

இதை அப்படியே கார்ட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வளைவில் இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் காரில் உண்டு, கார்ட்டில் இல்லை. பின் அச்சு ஒரே தண்டு. உள்பக்கப் பின் சக்கரம் சற்றுத் தூக்கினால்தான் கார்ட் வளையும். ஸ்டியரிங்கை மெல்ல மெல்லத் திருப்பினால் அது தூக்காது, கார்ட் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நேராகவே போகும். நுழையும்போது தயங்காமல் ஒரே திருப்பு, தூக்கியதும் உடனே கையைத் தளர்த்திவிடுங்கள். வாடகை கார்ட்டில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டும்தான். திருப்பிக்கொண்டே அழுத்தினால் சுழன்றுவிடும், நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். புரோஸ்டிடமிருந்து நீங்கள் எடுக்க வேண்டியது வளைவின் வெளியேற்றம். எஞ்சின் சிறியது, இழந்த வேகம் லேசில் திரும்பாது. ஆகவே சறுக்காமல் வெளியே வருகிறவர் அடுத்த நேர்ப்பாதை முழுக்க லாபம் பார்ப்பார்.

மழையில் அவர் பின்வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் உங்கள் காதுக்கு வரும். 1988 சில்வர்ஸ்டோனில் தானே நிறுத்தினார், 1989 அடிலெய்டில் முதல் சுற்றோடு விலகினார், உண்மைதான். 1982-ல் ஹாக்கன்ஹைமில், நீர்ப்புகைக்குள் அவருடைய காரின் பின்புறத்தில் பிரோனியின் ஃபெராரி மோதி மேலே பறந்தது. கால்கள் நொறுங்கிய பிரோனி அதற்குப்பின் ஃபார்முலா ஒன் பந்தயம் எதிலும் ஓட்டவே இல்லை. அதன் பிறகு கண்ணுக்குத் தெரியாத பாதையில் ஓட்ட மறுத்ததை நாங்கள் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டோம்.

அணி விஷயம். 1993-ல் வில்லியம்ஸில் நான்காம் பட்டத்தோடு, 51 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். 1997-ல் லிஜியே அணியை வாங்கித் தன் பெயரிட்டார். முகன்-ஹோண்டா இன்ஜினோடு தொடக்கம் நன்றாகவே இருந்தது: ஒலிவியே பனிஸ் பிரேசிலில் மூன்றாமிடம், ஸ்பெயினில் இரண்டாமிடம். கனடாவில் அவருக்குக் கால் முறிந்தது. அடுத்த ஆண்டு பெஜோ இன்ஜினுக்கு மாறி மொத்தமே 1 புள்ளி, 2000-ல் பூஜ்யம். பெஜோ விலகியது, விளம்பரப் பணமும் வற்றியது. 2001-ல் ஃபெராரி இன்ஜினைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. காருக்குள் 195 லிட்டரை அவரே பங்கு வைக்க முடிந்தது. அணியிலோ இன்ஜினும் பணமும் அடுத்தவர் கையில் இருந்தன. 2002 ஜனவரியில் அணி மூடப்பட்டது.