புரியாமல் தலையாட்டாதே

கேள்வி: அக்கா, வெளிநாட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இப்போது ஏழு மாத கர்ப்பம். டாக்டர் பேசுவது பாதிதான் புரிகிறது, கணவர்தான் மொழிபெயர்க்கிறார். பிரசவத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, என் மூத்தவளும் புது நாட்டில்தான் பிறந்தாள். வலியில் இருந்தபோது நர்ஸ் எதையோ கேட்டார், புரியாமலே தலையாட்டினேன். ஊசி போட்ட பிறகுதான் அது வலி குறைக்கும் மருந்து என்று தெரிந்தது. அந்த நிமிடம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் அடுத்த செக்கப்பிலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள். பல நாடுகளில் மருத்துவமனையே ஏற்பாடு செய்யும், போனிலாவது. கணவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், அது போதும். பதற்றத்தில் அவரும் பாதியை விட்டுவிடுவார்.

பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தடுப்பூசிச் சீட்டு எல்லாம் கொண்டு போ. ரத்த வகை முக்கியம். உனக்கு நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆபத்து வராமல் தடுப்பது) போட வேண்டும்.

குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கண் மங்கித் தலை கடுமையாக வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. இந்த மூன்றையும் அந்த நாட்டு மொழியில் எழுதி போனின் பின்னால் ஒட்டிவை.

அப்புறம், அம்மா பக்கத்தில் இல்லையே என்று அழுகை வரும். பிரசவமான முதல் சில நாள் அது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் மனம் தேறவில்லையென்றால் டாக்டரிடம் சொல், அதற்கும் சிகிச்சை உண்டு.

பிறப்பை எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும் என்று இப்போதே விசாரித்துவிடு. அங்கே பிறந்தாலே குடியுரிமை கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதே, பல நாடுகளில் அப்படிக் கிடையாது.