சார்ட்டைக் கழற்றுங்கள், மாவடு ஜாடியை எடுங்கள்

கேள்வி: எனக்கு 33 வயது. மகன் இரண்டாம் வகுப்பு, மகளுக்கு ஒன்றரை வயது. பிறந்த ஊர் கும்பகோணம், இப்போது கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். ‘இந்த நாள் திரும்ப வராது, குழந்தைகளோடு சந்தோஷமா இரு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். போனைத் திறந்தால் ஒவ்வொரு அம்மாவும் பிள்ளைகளோடு வடாம் பிழிகிறாள், செடி நடுகிறாள், சிரிக்கிறாள். நானும் லீவு விட்டதும் நாளுக்கு ஒரு விளையாட்டு என்று சார்ட் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மூன்றாம் நாளே பையனைக் கத்திவிட்டேன். கணவர் நல்லவர்தான், வர ஒன்பது மணி ஆகிவிடும். நான் நல்ல அம்மா இல்லையா?

பி.கு.: போன வருஷம் ஆசையாக மாவடு போட்டேன், பூசணம் பிடித்துவிட்டது. ஏன்?

– வாசகி, கோவை

பதில்: முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றிப் பையனிடம் கொடுத்துவிடுங்கள், பின்பக்கம் படம் வரையட்டும்.

சந்தோஷமா இரு, சந்தோஷமா இரு என்று சொல்கிறவர்கள் யாரென்று கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகளை வளர்த்து முடித்து, ராத்திரி முழுசாகத் தூங்கி எழுகிறவர்கள். அவர்களுக்கு ஞாபகம் இருப்பது குழந்தையின் சிரிப்பு, இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு டிபன் செய்தது மறந்துபோயிருக்கும். போனில் வரும் அம்மாக்கள் பற்றி எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இரண்டு கையிலும் மாவு இருக்கும்போது அந்த வீடியோவை எடுக்கிறது யார்? யாரோ கூட நிற்கிறார்கள் இல்லையா, அந்த ஆள் உங்கள் வீட்டில் இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ‘ஆசை’ என்று ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் பின்குறிப்பில். சார்ட்டில் இருந்ததெல்லாம் பிள்ளைகளுக்காக நீங்கள் ஏற்பாடு செய்தவை. உங்களுக்குப் பிடித்தது அதில் ஒன்றாவது இருந்ததா? பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்துவதையே நாள் முழுக்க வேலையாக வைத்துக்கொண்டால் அது ஆபீஸ் வேலையை விடக் கஷ்டம், லீவு கூடப் போட முடியாது. நீங்கள் உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள், பிள்ளைகள் தானாக வந்து மூக்கை நுழைப்பார்கள்.

இப்போது பங்குனி. அதற்கு இதைவிட நல்ல மாதம் கிடைக்காது. உழவர் சந்தையில் வடு வந்திருக்கும், வேம்பு பூத்திருக்கும், விடியற்காலையில் குயில் கூவித் தூங்க விடாது (ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கிற வீட்டில் குயில் வேறா என்று நீங்கள் முனகுவது கேட்கிறது). ஒரு கிலோ வடு வாங்கி வாருங்கள். பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றிக் கொட்டினால் சின்னவள் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பெரியவன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கட்டும், அடிபட்டதையும் வெம்பியதையும் தனியே பொறுக்கட்டும். அவனுக்கு அது விளையாட்டு இல்லை, நிஜமான வேலை, அம்மா தன்னை நம்பிக் கொடுத்த வேலை. அதனாலேயே ஒழுங்காகச் செய்வான். மிளகாய்த்தூளும் கடுகுத்தூளும் மட்டும் குழந்தைகள் தூங்கிய பிறகு வெளியே வரட்டும்.

வேப்பம்பூவும் அப்படித்தான். குடியிருப்பில் வேம்பு இருந்தால் சாயங்காலமே கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டு வாருங்கள், காலையில் உதிர்ந்து கிடப்பதை அள்ளிக்கொள்ளலாம். குச்சி, இலை பொறுக்க ஏழு வயசுக் கண் போதும். நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டால் சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய்ப் பச்சடிக்கும், அப்புறம் வருஷம் முழுக்க நெய்யில் வறுத்து ரசத்துக்கும் ஆகும். பையன் அந்த ரசத்தைச் சாப்பிடுவான் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

வடாம்? இந்த வருஷம் வேண்டாம். கொதிக்கிற கூழ், மொட்டை மாடி வெயில், காக்கா, கூடவே நடை பழகிய குழந்தை. அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து தங்கினால் பிழியுங்கள், இல்லாவிட்டால் கடையில் வாங்குங்கள், ஒரு குற்றமும் இல்லை.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். ‘நல்லவர்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, நல்லவரிடம் கேட்டு வாங்குவதில் என்ன தயக்கம்? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு. நடுவில் ‘டயப்பர் எங்கே’ என்று உங்களை எழுப்பக் கூடாது. கொங்குப் பக்கம் இந்த நாட்களில் மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டு, கம்பம் நட்டு ஆட்டம் எல்லாம் நடக்கும். ஒரு சாயங்காலம் இரண்டு பேரையும் அவர் கூட்டிப்போய் மேளம் காட்டி வரட்டும். நீங்கள் போக வேண்டாம். வீட்டில் காலை நீட்டி ஒரு காபி குடியுங்கள். இதையும் குடும்ப சந்தோஷத்தில்தான் நான் சேர்ப்பேன்.

இன்னொன்று சொல்கிறேன், இதைக் கட்டாயம் செய்யுங்கள். கோவைப் பக்கம் ஏப்ரல் 14 விடியலில் கனி காணும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். முந்தின ராத்திரி கண்ணாடிக்கு முன்னால் மாம்பழம், பலா, வாழை, வெற்றிலை பாக்கு, பூ, காசு, நகை எல்லாம் வைத்துவிட்டு, காலையில் ஒவ்வொருவராகக் கண்ணை மூடி அழைத்து வந்து அதில் விழிக்க வைப்பது. வழக்கமாக எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்குவது அம்மா, அலாரம் வைத்து முதலில் எழுவதும் அம்மா. அவளைக் கண்மூடிக் கூட்டி வர யாரும் இல்லை. இந்த வருஷம் அப்பாவும் பையனும் அடுக்கட்டும். பலா கண்ணாடியை மறைத்தாலும், பையன் தன் பொம்மைக் காரையும் நடுவில் வைத்தாலும் நீங்கள் முந்தின நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. காலையில் அவன் உங்கள் கண்ணைப் பொத்திக் கூட்டி வருவான். அடுக்குகிற பழக்கத்தில் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன். இது வெறும் அலுப்பா, இல்லை அதற்கு மேலா? குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், காரணமில்லாமல் அழுகை வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் மாவடுவும் வேண்டாம், என் யோசனையும் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு குழந்தைக்கு ஒரு வயது தாண்டியும் நீடிக்கலாம், மருத்துவம் செய்தால் சரியாகும். வெளியே போய்ப் பேசத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கத்தியதற்கு நல்ல அம்மாவா கெட்ட அம்மாவா என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. கத்தினீர்கள், அப்புறம் சாதம் ஊட்டியிருப்பீர்கள், அவன் மறந்திருப்பான்.

சரி, மாவடு. பூசணத்துக்குக் காரணம் ஈரம், இல்லாவிட்டால் உப்புக் குறைவு, பெரும்பாலும் இரண்டும். காம்பைக் கொஞ்சம் விட்டுக் கிள்ளி, கழுவி, துடைத்து, நிழலில் துணிமேல் பரப்பி ஈரம் சுத்தமாகப் போன பிறகுதான் விளக்கெண்ணெய் தடவ வேண்டும். கிலோவுக்கு 150 கிராம் கல் உப்பு போடுங்கள், ‘உப்பு ஜாஸ்தியோ’ என்று பயந்து குறைக்காதீர்கள். பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடியில் போட்டுத் தினம் இரண்டு வேளை குலுக்குங்கள், அந்த வேலையும் பையனுக்கு, ஜாடியை நீங்கள் பிடித்துக்கொண்டால். இரண்டு மூன்று நாளில் வடு தானாகத் தண்ணீர் விட்டதும் அந்தத் தண்ணீரிலேயே கடுகு, மிளகாய், மஞ்சள் அரைத்துச் சேருங்கள். வடு எப்போதும் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும், மேலே மிதந்து காய்ந்து நிற்பதில்தான் முதலில் பூசணம் பிடிக்கும். அப்புறம் ஈரக் கரண்டியை யாரும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஒன்பது மணிக்கு வந்து தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளத் தேடுகிறவர்.